பூங்கா, விளையாட்டுத் திடலுக்கு அரசு நிதி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

தமிழ்நாட்டின் நகராட்சிகள், பேரூராட்சிகள், ஊராட்சிகளிலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். எந்தத் திட்டத்தில் எவ்வளவு கிடைக்கும் என்றுதான் பலரும் கேட்டிருக்கிறார்கள். இடத்தின் ஆவணம் சரியாக இல்லாவிட்டால் எந்தத் திட்டத்திலும் பணம் வராது என்பதால், அதிலிருந்தே தொடங்குகிறோம்.

எங்கள் மனைப்பிரிவு வரைபடத்தில் பூங்கா என்று காட்டிய 18 சென்ட் இடம் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. யாரிடம் நிதி கேட்பது?

முதலில் அந்த 18 சென்ட் இன்று யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைகள் போக மீதிப் பரப்பில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். இதைத்தான் அலுவலகங்களில் ஓ.எஸ்.ஆர். (ஓபன் ஸ்பேஸ் ரிசர்வேஷன்) இடம் என்கிறார்கள். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரையுள்ள மனைப்பிரிவுகளுக்கு, இடத்துக்குப் பதிலாக வழிகாட்டி மதிப்பைக் கட்டிவிடும் வசதி உண்டு. 3,000-க்குக் கீழே ஒதுக்கீடு கிடையாது.

அங்கீகரிக்கப்பட்ட வரைபட நகலை உள்ளாட்சி அலுவலகத்திலோ மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்திலோ வாங்குங்கள். அதிலுள்ள சர்வே எண்ணுக்கு, அங்கீகாரம் கிடைத்த ஆண்டுக்கு முந்தைய ஆண்டிலிருந்து இன்று வரை வில்லங்கச் சான்று போடுங்கள். ஆணையர் அல்லது செயல் அலுவலர் பெயருக்குத் தானப் பத்திரம் பதிவாகியிருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அடுத்து பட்டாவைப் பாருங்கள். பத்திரம் பதிவாகி ஆண்டுகள் பல ஆன பிறகும் பட்டா மனை போட்டவர் பெயரிலேயே இருப்பது சர்வசாதாரணம். பின்னாளில் அவருடைய வாரிசு அதை இரண்டு மனையாக்கி விற்க வழி திறப்பது இந்த ஓட்டைதான். பட்டா மாறுதலுக்கு உள்ளாட்சி அலுவலர்தான் வட்டாட்சியருக்கு எழுத வேண்டும். நீங்கள் பத்திர எண், ஆண்டு, சார்பதிவாளர் அலுவலகத்தின் பெயர் மூன்றையும் குறித்து மனு கொடுத்தால் அவருக்குத் தட்டிக்கழிக்க இடமிருக்காது.

தானப் பத்திரமே இல்லையென்றால் சோர்ந்துவிட வேண்டாம். வரைபடத்தில் பூங்கா என்று காட்டி மனைகளை விற்றுவிட்டு, பிறகு அதே இடத்தை மனையாக விற்க முடியாது என்று நீதிமன்றங்கள் பல வழக்குகளில் சொல்லியிருக்கின்றன. வரைபட நகலை இணைத்து சார்பதிவாளருக்கு ஆட்சேபக் கடிதம் கொடுத்து, ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் ஆனபின் நில அளவர் அளந்து கல் நட வேண்டும். முதல் நிதிக் கோரிக்கை கம்பி வேலிக்கும் பெயர்ப்பலகைக்கும் மட்டும் இருக்கட்டும். சிறிய தொகை என்பதால் உள்ளாட்சியின் பொது நிதியிலேயே முடியும், ஆக்கிரமிப்பும் நின்றுவிடும்.

நமக்கு நாமே திட்டத்தில் நாங்கள் எவ்வளவு கட்ட வேண்டும்?

பொதுப் பணியின் செலவில் மக்கள் ஒரு பங்கும் அரசு மீதியும் போடும் மாநிலத் திட்டம் இது. மக்கள் கட்ட வேண்டியது மதிப்பீட்டுத் தொகையில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு. 12 லட்சம் மதிப்பீடு என்றால் உங்கள் பங்கு 4 லட்சம். குடியிருப்போர் சங்கம், தனிநபர், நிறுவனம் என யார் வேண்டுமானாலும் கட்டலாம்.

தலைக்கு இவ்வளவு என்று முதலில் வசூலித்துவிட்டுப் பிறகு மதிப்பீடு கேட்பதுதான் சங்கங்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. பொறியாளர் போடும் மதிப்பீட்டில் பொருள், கூலி தவிர ஜிஎஸ்டி முதலான இனங்களும் சேரும். நீங்கள் 9 லட்சம் என்று நினைத்த வேலை 12 லட்சத்தில் நிற்கும். மறுபடி வசூலுக்குப் போனால் மனக்கசப்புதான் மிஞ்சும். எழுத்தில் மதிப்பீடு கையில் வந்த பிறகே வசூலைத் தொடங்குங்கள். பணத்தை ஒப்பந்ததாரர் கையிலோ கவுன்சிலர் கையிலோ கொடுக்காதீர்கள். உள்ளாட்சியின் பெயரில் வங்கி வரைவோலை எடுத்துக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

எம்.பி. நிதியா, எம்.எல்.ஏ. நிதியா, எதைக் கேட்பது நல்லது?

தொகுதி மேம்பாட்டு நிதியாக எம்.பி.க்கு ஆண்டுக்கு 5 கோடி, எம்.எல்.ஏ.வுக்கு 3 கோடி. ஒரு மக்களவைத் தொகுதியில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் இருப்பதால், ஒரு தெருப் பூங்காவுக்கு எம்.எல்.ஏ. நிதியே கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து தேர்வான மாநிலங்களவை உறுப்பினர் மாநிலத்தின் எந்த மாவட்டத்துக்கும் பரிந்துரைக்கலாம். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

எந்த நிதியானாலும் உறுப்பினர் பரிந்துரை மட்டுமே செய்கிறார். அனுமதி தருவது மாவட்ட நிர்வாகம். ஆகவே சால்வையோடு வெறும் மனு கொடுத்துப் பயனில்லை. இடத்தின் பட்டா நகல், உள்ளாட்சியின் தடையின்மைக் கடிதம், பராமரிப்பை ஏற்கும் மன்றத் தீர்மானம், தோராய மதிப்பீடு இந்த நான்கையும் இணையுங்கள். நிதியாண்டு தொடங்கிய ஏப்ரல், மே மாதங்களில் கொடுங்கள்; ஜனவரியில் போனால் ஒதுக்கீடு பெரும்பாலும் தீர்ந்திருக்கும். கேட் போட்ட குடியிருப்புக்குள், வெளியார் நுழைய முடியாத பூங்காவுக்கு இந்தப் பணம் கிடைக்காது, கேட்பதும் முறையல்ல.

எங்கள் பேரூராட்சிக்கு மத்திய அரசின் அம்ருத் நிதி உண்டா?

அம்ருத் என்பது நகரங்களின் அடிப்படை வசதிகளுக்கான திட்டம். 2021 அக்டோபரில் ஐந்தாண்டுத் திட்டமாகத் தொடங்கிய அதன் இரண்டாம் கட்டமான அம்ருத் 2.0-வில் பூங்காக்களுக்கு இடமுண்டு. ஒரு லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகையுள்ள ஊர்களுக்கு மத்திய அரசின் பங்கு 50 சதவீதம். ஆனால் அதன் பெரும்பணம் குடிநீருக்கும் கழிவுநீருக்கும் போகிறது, தனியாக நீங்கள் விண்ணப்பிக்கவும் முடியாது. உங்கள் ஊரின் ஒப்புதல் பெற்ற பட்டியலில் பூங்கா இருக்கிறதா என்று செயல் அலுவலரிடம் கேளுங்கள். இல்லையென்றால் மாநிலத் திட்டங்களின் பக்கம் திரும்புங்கள்.

ஏரிக்கரையில் நடைபாதை போட நினைக்கிறோம். அனுமதி யாரிடம்?

ஏரியின் ஆயக்கட்டு, அதாவது அதிலிருந்து பாசனம் பெறும் நிலம், 100 ஏக்கருக்கு, சுமார் 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத் துறை. அதற்குக் கீழென்றால் பொதுவாக ஊராட்சி ஒன்றியம். கரையில் நடக்க வழி செய்யலாம். ஏரியின் நீர்ப்பரப்புக்குள் மண் கொட்டிப் பூங்கா அமைப்பது ஆக்கிரமிப்பு, அதை அரசே செய்தாலும்.

நடைபாதையைக் கிராவல் மண் இறுக்கிப் போடச் சொல்லுங்கள். சிமென்ட் தளம் போட்டால் கரை மண் ஆண்டுதோறும் அமரும்போது தளத்துக்கடியில் பொந்து விழும், வெளியே தெரியாது. மதகுக்கும், உபரி நீர் வழியும் கலிங்குக்கும் பக்கத்தில் இருக்கையோ செல்பி மேடையோ வேண்டாம். வெள்ளக் காலத்தில் ஷட்டரைத் திறக்க ஆட்கள் ஓடிவர வழி வேண்டும். கரையின் மேல் ஆலமரம், அரசமரம் நடாதீர்கள். பட்டுப்போன வேரின் தடத்தில் தண்ணீர் கசிந்து கரை உடையும். கரைக்குப் பனை போதும்.

திறந்து இரண்டே ஆண்டில் ஊஞ்சலும் சறுக்குமரமும் பாழாகிவிட்டன. அடுத்த மதிப்பீட்டில் எதைக் கேட்டு வாங்குவது?

ஊஞ்சல் கம்பம் துருப்பிடித்து ஒடிவது அநேகமாகத் தரைமட்டத்தில், குழாயும் கான்கிரீட்டும் சேருமிடத்தில். மழைநீர் அங்கேதான் தேங்கும். பெயின்ட் அடித்த குழாய் வேண்டாம், உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த ஹாட் டிப் கால்வனைஸ்டு குழாய் என்று மதிப்பீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். அடிக் கான்கிரீட்டின் மேல்முகம் மணலுக்குள் புதைந்திருக்க வேண்டும். வெளியே துருத்தினால் விழும் குழந்தையின் தலை அதில்தான் படும். விளையாட்டுச் சாதனங்களின் அடியிலும் சுற்றி ஆறடிக்கும் ஓர் அடி ஆழத்துக்கு மணல் நிரப்ப வேண்டும். ஊஞ்சலுக்கு முன்னும் பின்னும் அதைவிடக் கூடுதல் இடம் தேவை. இதில் மிச்சம் பிடிக்கவே கூடாது. பேவர் பிளாக் மேல் சறுக்குமரம் நிறுத்திய பூங்காக்களைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது.

தகரச் சறுக்குமரத்தைத் தவிருங்கள். நம் ஊர் வெயிலில் மாலை நான்கு மணிக்கும் அது தொடையைச் சுடும். பைபர் சறுக்குமரமானாலும் வடக்குப் பார்த்து நிழலில் நிற்கட்டும்.

நடைபாதைக்கு 60 மி.மீ. பேவர் பிளாக் போதும். வண்டி ஏறுமிடத்தில் 80 மி.மீ. இரு ஓரமும் கெர்ப் கல் (ஓரத்தடுப்புக் கல்) இல்லாவிட்டால் கற்கள் விலகி ஒரே மழைக்காலத்தில் பல்லிளிக்கும். மீட்டருக்கு 2 செ.மீ. சரிவு வைத்தால் தண்ணீர் நிற்காது. மரத்தின் அடியைச் சுற்றி ஒரு மீட்டர் மண்ணாகவே விடுங்கள். புங்கன், வேம்பு, மகிழம், பூவரசு நடலாம். 2016 டிசம்பரில் வர்தா புயல் வீசியபோது சென்னையில் குல்மொஹர் மரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன; குழந்தைகள் விளையாடும் இடத்தில் அவை வேண்டாம்.

பூங்கா இடத்தில் குப்பை தரம்பிரிக்கும் கூடம் கட்டப் போகிறார்கள். தடுக்க முடியுமா?

தமிழ்நாடு பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் பாதுகாப்புச் சட்டம் 1959-லிருந்தே இருக்கிறது. அதன்படியான பட்டியலில் உள்ள இடத்தை, உரிய அதிகாரியின் முன் அனுமதியின்றி வேறு பயனுக்கு மாற்ற முடியாது. பட்டியலில் உங்கள் பூங்கா இருக்கிறதா, அனுமதி பெறப்பட்டதா, மன்றத் தீர்மான எண் என்ன என்ற மூன்று கேள்விகளையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மனுவில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். அஸ்திவாரம் தோண்டும் வரை காத்திருக்க வேண்டாம். ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பு வந்த நாளிலேயே ஆணையருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் ஆட்சேபம் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.