சினிமா கேள்வி-பதில்: படத்துக்குள் வரும் விளம்பரம்

கேள்வி: சார், காசு கொடுத்து டிக்கெட் வாங்கித்தானே படம் பார்க்கிறோம்? இடைவேளை விளம்பரத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கதைக்குள்ளேயே கதாநாயகி டீத்தூள் பாக்கெட்டைப் பெயர் தெரிகிற மாதிரி திருப்பிப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது. இது ரசிகனை ஏமாற்றுவது இல்லையா?
- ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உங்கள் கோபம் நியாயம்தான், ஆனால் அது எதன் மேல் என்று கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். வீடு என்றால் டீத்தூள் இருக்கும், தெரு என்றால் பைக் நிற்கும், அவற்றுக்கெல்லாம் பெயரும் இருக்கும். பெயரே இல்லாத டப்பாக்களை அடுக்கி வைத்தால்தான் அது செட் என்று பளிச்சென்று தெரியும். பாக்கெட் அடுப்படியில் அதன் பாட்டுக்கு இருக்கும்வரை யாருக்கும் உறுத்துவதில்லை. அதைக் காட்டுவதற்காகக் கதை நிற்கிறது பாருங்கள், அங்கேதான் எரிச்சல் வருகிறது.

1982-ல் வந்த ஸ்பீல்பெர்க்கின் ‘ஈ.டி.’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எலியட் என்ற சிறுவன், ஒளிந்திருக்கும் வேற்றுக்கிரகப் பிராணியை வீட்டுக்குள் வரவழைக்க மிட்டாயை ஒவ்வொன்றாகத் தரையில் வைத்துக்கொண்டே போவான். அதுவும் பொறுக்கிக்கொண்டே அவன் அறைவரைக்கும் வந்துவிடும். அந்த மிட்டாய் ரீசஸ் பீசஸ். முதலில் எம் அண்ட் எம்ஸ் மிட்டாய் தயாரிக்கும் மார்ஸ் நிறுவனத்தைத்தான் கேட்டார்கள், அவர்கள் முடியாது என்றுவிட்டார்கள். ஹெர்ஷி நிறுவனம் ஒப்புக்கொண்டது. படத்தில் வருவதற்கென்று பணம் கொடுக்கவில்லை, ஆனால் மிட்டாயோடு சேர்த்துப் படத்தையும் விளம்பரப்படுத்த 10 லட்சம் டாலர் செலவழிக்க முன்வந்தது. படம் வந்ததும் மிட்டாய் விற்பனை எகிறியது. இதுவும் வியாபார ஒப்பந்தம்தான், சந்தேகமே இல்லை. ஆனாலும் அந்தக் காட்சியில் மிட்டாயை எடுத்துவிட்டால் காட்சியே இல்லை, அதனால்தான் பார்க்கிறவர்களுக்கு அது விளம்பரமாகத் தெரியவில்லை.

கிறிஸ்டல் ரஸ்ஸல் என்ற ஆய்வாளர் 2002-ல் வெளியிட்ட ஆய்வும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறது. கதையோடு ஒட்டாமல் திணிக்கப்பட்ட பொருளின் பெயர் பார்த்தவர்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஆனால் அதன் மேல் விருப்பம் வருவதில்லை, மாறாக ‘இதை ஏன் இங்கே கொண்டுவந்தார்கள்’ என்று யோசிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். படம் முடிந்து வருகிறவர்களிடம் ‘என்ன பிராண்ட் பார்த்தீர்கள்’ என்று மட்டும் கேட்டுக் கணக்கெடுத்துத் திருப்திப்பட்டுக்கொள்ளும் கம்பெனிகள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். உங்களுக்கு அந்த டீத்தூள் பெயர் இன்னும் ஞாபகம் இருக்கிறது, ஆனால் வாங்கமாட்டீர்கள், இல்லையா?

கேள்வி: திரையில் தெரிகிற எல்லாப் பொருளுக்கும் கம்பெனி காசு கொடுத்திருக்கும் என்று என் நண்பன் அடித்துச் சொல்கிறான். உண்மையா?
- கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: இல்லை. 2000-ல் வந்த ‘காஸ்ட் அவே’ படத்தில் கதாநாயகன் ஃபெடெக்ஸ் கூரியர் நிறுவன ஊழியன், கடலில் விழுவதும் ஃபெடெக்ஸ் விமானம்தான். அதற்கு அந்த நிறுவனம் பணம் கொடுக்கவில்லை. விமானம், அலுவலகம் என்று படப்பிடிப்புக்கு உதவியது, நிறுவனர் ஃபிரெட் ஸ்மித்தே ஒரு காட்சியில் தோன்றினார். அதே படத்தில் ஒரு வாலிபால் வருமே, ஆளில்லாத தீவில் ரத்தம் வழியும் கையால் அவன் பிடித்துத் தூக்கி எறிய, அந்தக் கைத்தடமே முகமாகி, பந்தின் மேலிருக்கும் வில்சன் என்ற கம்பெனிப் பெயரே அதன் பெயராகிவிடும். அலையில் அது விலகிப் போகும்போது அவனோடு சேர்ந்து அழாதவர்கள் குறைவு. கம்பெனிப் பெயர் ஒரு பாத்திரமாகவே ஆனபோதும் அங்கே யாரும் எரிச்சல்படவில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2010-ல் ‘தபாங்’ இந்திப் படத்தின் பாட்டில் ஜண்டு பாம் என்று வந்ததற்கு, அதைத் தயாரிக்கும் இமாமி நிறுவனம் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. அப்புறம் சமரசமாகி, அந்தப் பாட்டுக்கு ஆடிய மலாய்கா அரோராவையே விளம்பரத் தூதராக்கிக்கொண்டது. ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்தில் சேரிக் காட்சிகளில் தன் சின்னம் தெரியக் கூடாது என்று மெர்சிடஸ் பென்ஸ் எடுக்கச் சொன்னது. ஆப்பிள் போனை வில்லன் கையில் கொடுக்க அனுமதிப்பதில்லை என்று இயக்குநர் ரியான் ஜான்சன் 2020-ல் ஒரு பேட்டியில் சொன்னார். இது எனக்குக் காசு கொடுப்பதைவிடக் கவலையாக இருக்கிறது, ஏனென்றால் யார் கெட்டவன் என்று கதாசிரியர் மறைத்து வைத்திருப்பதை ஒரு போன் காட்டிக்கொடுத்துவிடும்.

கேள்வி: எனக்குப் பத்தாவது படிக்கும் பையன் இருக்கிறான். ஹீரோ சிகரெட் பிடித்தால் கீழே ஒரு வரி எச்சரிக்கை ஓடுகிறது. அது போதுமா சார்?
- இல்லத்தரசி, திருநெல்வேலி

பதில்: போதாது அம்மா. 2012 அக்டோபர் 2 முதல் நம் நாட்டில் அந்த எச்சரிக்கை வரியும், படம் தொடங்கும்போதும் இடைவேளைக்குப் பிறகும் வரும் குறும்படமும் கட்டாயமாக இருக்கின்றன. சிகரெட் பிராண்ட் பெயரைக் காட்டவும் தடை இருக்கிறது. அதெல்லாம் நல்ல விஷயம்தான், குறை சொல்லமாட்டேன். இப்படி ஒரு சட்டம் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு 1980-ல் வந்த ‘சூப்பர்மேன் 2’ ஒன்றே போதும். காமிக்ஸில் சிகரெட்டே தொடாத லோயிஸ் லேன் அந்தப் படத்தில் மார்ல்போரோவாக ஊதித் தள்ளுவார், சண்டையில் சூப்பர்மேன் போய் மோதுவதும் மார்ல்போரோ என்று எழுதிய வண்டியில்தான். அதற்காக, மார்ல்போரோவைத் தயாரிக்கும் ஃபிலிப் மோரிஸ் நிறுவனம் பணம் கொடுத்த விவரம் பின்னால் வெளியே வந்தது. குழந்தைகள் கூட்டம் கூட்டமாகப் பார்த்த படம் அது! 1998-ல்தான் அமெரிக்காவில், மாநில அரசுகளோடு ஏற்பட்ட உடன்பாட்டின் மூலம், புகையிலை நிறுவனங்கள் இப்படிப் படத்துக்குக் காசு கொடுப்பது தடுக்கப்பட்டது.

இங்கே மதுக் கம்பெனிகள் அதே பெயரில் சோடாவும் தண்ணீரும் விற்று, அந்தப் பெயரைக் காட்டுகின்றன. பையனுக்குத் தண்ணீரா ஞாபகம் வரும்? டீத்தூள் விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பேன், இதில் மாட்டேன். இதைப் பையனிடம் நேராகவே சொல்லிவிடுங்கள்: இந்தப் பெயர் இங்கே தெரிவதற்கு ஒருவன் காசு கொடுத்திருக்கிறான் என்று. பத்தாவது படிக்கிற பிள்ளைக்கு இது நன்றாகவே புரியும்.

கேள்வி: சரி, இதற்கு வழிதான் என்ன?
- ஒரு வாசகர், டொராண்டோ

பதில்: தடை செய்யச் சொல்லமாட்டேன். 2012-ல் ‘ஸ்கைஃபால்’ படத்தில் ஜேம்ஸ் பாண்ட் ஹைனெகன் பீர் குடித்ததற்கு ரசிகர்கள் கோபத்தில் குதித்தபோது, இப்படி வரும் பணம் இல்லாமல் இத்தனை பெரிய படத்தை எடுத்து வெளியிட முடியாது என்று டேனியல் கிரெய்க் வெளிப்படையாகவே பேசினார். அந்த வெளிப்படைத்தன்மைதான் எனக்கு வேண்டும். பிரிட்டனில் 2011 பிப்ரவரியில் டிவி நிகழ்ச்சிகளுக்குள் காசு வாங்கிக்கொண்டு பொருளைக் காட்ட அனுமதித்தபோது, திரையில் ‘P’ என்ற ஆங்கில எழுத்தைக் காட்ட வேண்டும் என்று விதி போட்டார்கள். நம் நாட்டில் இன்ஸ்டாகிராமில் காசு வாங்கிக்கொண்டு சோப்பைப் பற்றிப் பேசுகிறவர் அது விளம்பரம் என்று குறிப்பிட வேண்டும் என 2021-லேயே இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது. கோடிக்கணக்கில் செலவழித்து எடுக்கும் படத்தில் மட்டும், நாம் இருட்டில் சீட்டைத் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் நன்றி கார்டு ஓடிவிடுகிறது, அதில் படப்பிடிப்புக்கு வீடு கொடுத்தவர் பெயரும் காசு கொடுத்த கம்பெனி பெயரும் ஒன்றாகவே கலந்து கிடக்கின்றன. காசு கொடுத்தவர்களைத் தனியாக ஒரு கார்டில், நின்று படிக்கிற வேகத்தில் போடுங்கள் என்று தயாரிப்பாளர் சங்கத்தைக் கேட்கலாம். இதை ஏற்றுக்கொள்கிற வாசகர்கள் இரண்டு வரி எழுதிப் போடுங்கள், சேர்த்து அனுப்பி வைக்கிறேன்.