மகளின் கேள்விக்கு என்ன பதில்?

கேள்வி: என் கணவர் பாம்பனில் விசைப்படகுத் தொழிலாளி. ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகள், பேக்கரும்பில் உள்ள கலாம் நினைவிடத்தைப் பார்த்துவந்த நாள் முதல், தானும் அரசு அதிகாரியாகி ஊருக்கு நல்லது செய்யப்போவதாகச் சொல்லிவந்தாள். மீன்பிடித் தடைக்கால நிவாரணப் பட்டியலில் விடுபட்ட எங்கள் பெயரைச் சேர்க்கப் போன இடத்தில், மனுவுக்குள் 500 ரூபாயை மடித்துவைத்து நான் நீட்டியதை அவள் பார்த்துவிட்டாள். “அப்போ புஸ்தகத்துல இருக்கறதெல்லாம் பொய்யாம்மா?” என்று கேட்டாள். “உலகம் அப்படித்தான்” என்றேன். அதிலிருந்து என்னிடம் முகம்கொடுத்துப் பேசுவதில்லை. அவளை எப்படிச் சமாதானப்படுத்துவது?
– ஒரு வாசகி, தங்கச்சிமடம்

பதில்: சமாதானப்படுத்த முயலாதீர்கள், சகோதரி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கடலுக்குப் போகக் கூடாது என்று ஆணையிடும் அரசு, அதற்கு ஈடாகத் தரும் 8,000 ரூபாய் உங்களுக்கு உரியது. அதைப் பெற ஒருவருக்குத் தனியாகப் பணம் தர வேண்டியிருந்தது அநியாயம் என்பதை அந்தப் பிள்ளை சரியாகவே புரிந்துகொண்டிருக்கிறாள். பெயர் வராமல் போய்விடுமோ என்ற பயத்தில் கொடுத்ததாகவும், கொடுத்தது சரியில்லை என்றும் அவளிடம் உள்ளபடி சொல்லிவிடுங்கள்.

அவள் போற்றும் கலாமே தம் பள்ளிப் பருவத்தில் நடந்த ஒன்றை மேடைகளில் சொல்லியிருக்கிறார். அவருடைய தந்தை ராமேஸ்வரம் பஞ்சாயத்துத் தலைவரான புதிதில், அவர் தொழுகைக்குப் போயிருந்த நேரம் பார்த்து யாரோ ஒருவர் வேட்டி, அங்கவஸ்திரம், பழம், இனிப்பு எல்லாம் கொண்டுவர, சிறுவன் கட்டிலில் வைத்துவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறான். திரும்பிவந்த தந்தை அவனை அடித்துவிட்டார். பிறகு அவரே தோளில் கைவைத்து, பதவியில் இருப்பவன் வீட்டுக்கு வரும் அன்பளிப்பின் உள்நோக்கம் என்ன என்று விளக்கினாராம். அடித்ததை நான் ஏற்கமாட்டேன். காரணத்தை உட்காரவைத்துச் சொன்னாரே, அதைத்தான் உங்களிடம் எதிர்பார்க்கிறேன்.

புத்தகம் பொய் சொல்லவில்லை என்றாலும், அதில் பாதிதான் இருக்கிறது என்பது என் எண்ணம். தன் ஊழியர்கள் தவறுவார்கள் என்று அரசே எதிர்பார்த்துச் சட்டம் செய்துவைத்திருப்பதை நம் பிள்ளைகளுக்கு யாரும் விரிவாகச் சொல்வதில்லை. 1988-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-இல் செய்த திருத்தத்தின்படி லஞ்சம் கொடுப்பதும் குற்றம். ஆனால், கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால் அவர்மீது குற்றமில்லை. கேட்கும்போதே ஊழல் தடுப்புத் துறையிடம் சொன்னால், அவர்கள் நோட்டில் பினாப்தலீன் பொடியைத் தடவிக் கொடுத்தனுப்புவார்கள். வாங்கியவரின் விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் முக்கினால் கரைசல் இளஞ்சிவப்பாகிவிடும். அறிவியல் பாடம் பிடித்த பெண்ணானால் இதை அவள் மறக்கவே மாட்டாள்.

நாளைக்கும் அதே மேசைக்கு முன்தானே போய் நிற்க வேண்டும் என்று நீங்கள் தயங்குவது எனக்குப் புரியாமல் இல்லை. பெயர் இன்னும் ஏறவில்லையென்றால், 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு எழுதுங்கள். உங்கள் விண்ணப்பம் எந்தத் தேதியில் பதிவானது, இப்போது யாரிடம் இருக்கிறது, பட்டியலில் சேர்ப்பதற்கான விதி என்ன என்று கேட்டால் போதும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். தக்க காரணமின்றித் தாமதித்தால், நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அந்த அலுவலரே அபராதம் கட்டும்படி தகவல் ஆணையம் உத்தரவிடலாம்.

மனுவை மகளே தன் கையெழுத்தில் எழுதட்டும், கையொப்பம் மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும். விரைவு அஞ்சலில் (ஸ்பீட் போஸ்ட்) பதிவுசெய்து அனுப்புங்கள். எதன்பொருட்டும் அவளை மறுபடி அந்த அலுவலகத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டாம்.