பீரோ சாவி யாரிடம்?

மதிப்பிற்குரிய ஐயா,

அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியராக இருக்கிறேன். நூலகப் பொறுப்பும் என்னிடம்தான். 6 முதல் 10 வரை ஐந்து வகுப்புகள், வகுப்புக்குச் சுமார் 40 பேர். நான்கு பீரோக்களில் 1,800 புத்தகங்கள். வாரம் ஒரு நூலகப் பாடவேளை. பிள்ளைகள் ஒரு புத்தகத்தை எடுக்கிறார்கள், படம் பார்க்கிறார்கள், மணி அடித்ததும் போட்டுவிட்டு ஓடுகிறார்கள். கதைச்சுருக்கம் எழுதி வரச் சொன்னேன். பின்னட்டையில் இருப்பதை அப்படியே எழுதி வந்தார்கள். அதிகம் படிப்பவருக்குப் பரிசு என்றேன். ஒரு பையன் ஒரே வாரத்தில் 11 புத்தகம் படித்ததாகக் கணக்குக் காட்டினான். வீட்டுக்குக் கொடுத்தனுப்பத் தயக்கமாக இருக்கிறது. தொலைந்தால் தணிக்கையில் நான்தான் பதில் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்பிலேயே எழுத்துக்கூட்டிப் படிப்பவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு எதைக் கொடுப்பது? நூலக மானியம் வந்தால் என்ன வாங்கலாம்? பெற்றோர் கூட்டத்தில் “கதைப் புத்தகம் படிச்சா மார்க் வருமா டீச்சர்?” என்று கேட்கிறார்கள். அதற்கும் ஒரு பதில் சொல்லுங்கள்.

ச.

அன்புள்ள ச.,

தணிக்கையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் கேட்ட மற்ற எல்லாமே அதில்தான் போய் முட்டி நிற்கின்றன. வாரத்துக்கு 40 நிமிடம் மட்டும் கையில் கிடைக்கும் புத்தகத்தை எந்தப் பிள்ளையும் படித்து முடிக்காது. படம் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். தானாகப் படிக்கும் பழக்கம் வர வேண்டுமென்றால் புத்தகம் பையில் ஏறி வீட்டுக்குப் போக வேண்டும். போனால் சில திரும்பாது. ஓர் ஆண்டில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை தொலையும், கிழியும் என்று ஆரம்பத்திலேயே செலவுக் கணக்கில் எழுதிவிடுங்கள். சாக்பீஸ் தீர்வதற்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை.

சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. அதை விளக்கும்போது, ஒரு காலத்தில் ஐரோப்பாவில் புத்தகங்களை அலமாரியோடு சங்கிலி போட்டுப் பிணைத்து வைத்திருந்ததைச் சொல்கிறார். நம் பள்ளிகளில் சங்கிலி இல்லை, பீரோ சாவி இருக்கிறது.

ஆனால் உங்கள் பயமும் நியாயமானது. “தைரியமாகக் கொடுங்கள்” என்று சொல்லிவிட்டு நான் போய்விட முடியாது. காகிதத்தில் ஒரு பாதுகாப்பு வேண்டும். பிள்ளைகளுக்கு வெளியே விடும் புத்தகங்களை ‘வகுப்பு நூலகம்’ என்று தனிப் பதிவேட்டில் ஏற்றுங்கள். பிரதான இருப்புப் பதிவேட்டில் இருந்து வந்தவை என்றால் பழைய எண்ணையும் பக்கத்தில் குறியுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், புத்தகங்கள் வீட்டுக்கு வழங்கப்படும், இயல்பான சேதமும் இழப்பும் ஆண்டுக்கு ஒருமுறை பட்டியலிடப்படும் என்று தீர்மானம் எழுதி வாங்குங்கள். தலைமையாசிரியரின் கையெழுத்து மாதம் ஒருமுறை பதிவேட்டில் விழட்டும். தொலைந்ததைப் பதிவேட்டிலிருந்து நீக்குவதற்கான நடைமுறையையும் அவரிடமே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளிடம் அபராதம் மட்டும் வேண்டாம். 50 ரூபாய் அபராதம் கேட்ட வீட்டுப் பிள்ளை அடுத்த புத்தகத்தைத் தொடாது. தொலைத்தவர் வேறு ஏதாவது ஒரு கதைப் புத்தகம் கொண்டுவந்து கொடுக்கலாம், முடியாவிட்டால் இரண்டு வாரம் புத்தகம் வழங்கும் வேலையைப் பார்க்கலாம். அது தண்டனை என்று அவர்களுக்குத் தெரியாது. வரிசையில் நின்று கேட்டு வாங்குகிற வேலை அது.

இனி அந்த 1,800 புத்தகங்கள். இரண்டு மதியம் ஒதுக்கி எல்லாவற்றையும் தரையில் இறக்குங்கள். போட்டித் தேர்வு வழிகாட்டிகள், காலாவதியான பாடநூல்கள், பொடி எழுத்தில் கனமான தொகுதிகள், ஒரே தலைவர் வரலாற்றின் பத்துப் பிரதிகள், யாரோ வீட்டைக் காலி செய்தபோது நன்கொடையாகத் தந்தவை எல்லாம் ஒரு பக்கம். பத்து வயதிலிருந்து பதினைந்து வயது வரை உள்ள ஒருவர் தானே விரும்பி எடுக்கக்கூடியவை இன்னொரு பக்கம். இரண்டாவது குவியல் 300 தேறினால் நல்ல பள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றவை பீரோக்களுக்கே திரும்பட்டும்; வேண்டாதவற்றின் நடுவே ஒளிந்திருக்கும் நல்ல புத்தகத்தைத் தேடி எடுக்கும் பொறுமை பிள்ளைகளுக்கு இல்லை, இருக்க வேண்டியதும் இல்லை. 300ஐ ஐந்து வகுப்புக்குப் பிரித்தால் வகுப்புக்கு 60. 40 பேருக்கு 60 என்பது முக்கியமான விகிதம். 40க்கு 40 கொடுத்தால் வரிசையில் கடைசியாக வரும் பிள்ளைக்கு மிஞ்சுவது யாருக்கும் வேண்டாத புத்தகம்தான். அந்தக் கடைசிப் பிள்ளை பெரும்பாலும் ஏற்கெனவே வாசிக்கத் திணறுகிற பிள்ளையாகவும் இருக்கும். அந்த 60ஐயும் ஒரு பெட்டியில் வைத்து வகுப்பில் விடுங்கள்; மாதம் ஒருமுறை பெட்டியை வகுப்புக்கு வகுப்பு மாற்றுங்கள்.

புத்தகத்தின் முகத்தை மறைக்கும் வேலைகளை நம் பள்ளிகளில் மிகவும் சிரத்தையாகச் செய்வோம். எல்லாவற்றுக்கும் பிரவுன் தாளில் அட்டை போட்டுவிடுவோம். பிறகு பேய்க் கதையும் பொது அறிவும் ஒரே மாதிரி இருக்கும். பள்ளி முத்திரையைத் தலைப்பின் மேலேயே குத்துவோம். எண் எழுதிய சீட்டை ஆசிரியர் பெயரின் மேல் ஒட்டுவோம். கண்ணாடித் தாள் அட்டை போடுங்கள். எண்ணைப் பின்னட்டையின் கீழ் மூலையில் எழுதுங்கள். முத்திரையை உள்பக்கத்தில், படமில்லாத இடத்தில் வையுங்கள். இன்னொன்று: சிறுவர் புத்தகங்களில் பாதி 16, 24 பக்கம்தான், நடுவில் ஸ்டேப்ளர் பின் அடித்தவை. அவற்றுக்கு முதுகே கிடையாது. பீரோவில் செங்குத்தாக அடுக்கினால் நோட்டுப் புத்தகக் கட்டு போலத்தான் தெரியும், பெயர் தெரியாது. அவற்றை அகலமான பிளாஸ்டிக் கூடையில் முன்பக்கம் தெரிய நிற்க வைத்தால், விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்ப்பார்கள். அல்லது வகுப்பறைச் சுவரில் பிள்ளைகளின் கண் உயரத்துக்கு, ஏறக்குறைய நான்கடியில், நைலான் கயிறு கட்டித் துணி கிளிப்பில் மாட்டுங்கள். மழைக்காலத்தில் அந்த ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து நடுத்தாள் முதலில் கழன்றுவிடும். பின்னைப் பிடுங்கிவிட்டு அதே துளையில் தடித்த நூலால் மூன்று தையல் போட்டால் பல வருடம் தாங்கும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இதை ஒரு பாடவேளையில் கற்றுக்கொள்வார்கள்.

வழங்கல் நோட்டை நீங்கள் எழுதாதீர்கள். ஆளுக்கு ஒரு நிமிடம் என்றாலும் 40 பேருக்கு உங்கள் பாடவேளை முடிந்தது. ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளும் ஒரு அட்டை இருக்கட்டும். எடுப்பவர் பெயரையும் தேதியையும் எழுதி அட்டையை அதற்கென்று வைத்த சின்னப் பெட்டியில் போட்டுவிட்டுப் புத்தகத்தைக் கொண்டுபோகட்டும். திரும்பும்போது அந்தத் தேதியும் ஏறி அட்டை உள்ளே போகும். பெட்டியில் இருக்கும் அட்டைதான் வெளியே இருக்கும் புத்தகம். இதைப் பார்த்துக்கொள்ள வகுப்புக்கு இரண்டு பேர் போதும், மாதம் ஒருமுறை ஆட்களை மாற்றுங்கள். பிறகு, பாடவேளை தொடங்கும் மணி அடித்ததும் முதல் ஐந்து நிமிடம் நீங்கள் பேசுங்கள். இரண்டு புத்தகத்தைக் கையில் எடுத்து, முன்னட்டையை வகுப்பைப் பார்க்கத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, கதையின் முடிச்சு வரை மட்டும். கிணற்றில் இறங்கிய பையனின் கயிறு அறுகிறது என்றால் அந்த அரைப் பக்கத்தை வாய்விட்டுப் படித்து, கயிறு அறுந்த வரியில் நிறுத்திப் புத்தகத்தை மேசையில் வைத்துவிட வேண்டும். “இதிலிருந்து நாம் என்ன தெரிந்துகொள்கிறோம்?” என்று ஒரு கேள்வி கேட்டீர்களோ, அந்தப் புத்தகத்தை அன்று யாரும் எடுக்க மாட்டார்கள். அடுத்த பத்து நிமிடம் மாற்றி எடுப்பதற்கு. மிச்ச நேரம் படிப்பதற்கு. அப்போது நீங்களும் ஒரு புத்தகம் படிக்க வேண்டும், நோட்டுத் திருத்தக் கூடாது. ஆறாம் வகுப்பு ஆரம்பத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் தாங்காது, மெல்லக் கூட்டுங்கள். சிலர் வாய்க்குள் முணுமுணுத்துத்தான் படிப்பார்கள். அது சத்தம் இல்லை, விட்டுவிடுங்கள்.

எழுத்துக்கூட்டும் எட்டாம் வகுப்பு மாணவருக்கு நீங்கள் எடுத்துக் கொடுப்பது கோழிக்குஞ்சு படம் போட்ட மழலைப் புத்தகம் என்றால், அவர் அதை நண்பர்கள் முன்னால் கையில் பிடிக்க மாட்டார். அவருக்கு வேண்டியது மெல்லிய, பெரிய எழுத்துப் புத்தகம், ஆனால் வயதுக்குரிய விஷயம்: பேய், கிரிக்கெட், பாம்பு, விண்வெளி, விடுகதை, படக்கதை. பக்கத்தைத் திறந்து ஒரு வரியில் எத்தனை சொல் என்று எண்ணிப் பாருங்கள். எட்டுக்கு மேல் போனால் தள்ளி வையுங்கள். தமிழில் இன்னொரு தடையும் இருக்கிறது. ‘வந்துகொண்டிருந்தபோதெல்லாம்’ மாதிரி சேர்ந்து நிற்கும் சொற்கள் வாயில் சுலபமாக வருகின்றன, கண்ணுக்கு மலையாக நிற்கின்றன. உரையாடல் அதிகமுள்ள கதைகளில் இந்தத் தொல்லை குறைவு. முதல் பக்கத்தை நீங்கள் வாய்விட்டுப் படித்து அவரைக் கண்ணால் வரிகளைத் தொடர்ந்துவரச் சொன்னால், கதாபாத்திரப் பெயர்களும் நடையும் காதில் ஏறிவிடும். இரண்டாம் பக்கத்தை அவரே சமாளிப்பார். பொருத்தம் பார்க்க எளிய வழி: நடுப்பக்கம் ஒன்றைப் படித்து, தடுக்கும் சொல்லுக்கு ஒரு விரல் மடக்கச் சொல்லுங்கள். ஐந்து விரலும் மடங்கினால் கொஞ்சம் கடினம். ஆனாலும் அவர் அதுதான் வேண்டும் என்றால் கொடுத்துவிடுங்கள்.

பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளாக வந்தன. உங்கள் பள்ளியில் இருந்தால் நன்றாகப் பயன்படும். படிநிலையைப் புத்தகத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். “நீ நுழை, நீ ஓடு” என்று ஆட்களுக்குப் பெயர் வைத்தால் ஒரு வாரத்தில் அது வசவுச் சொல்லாகிவிடும். 6 முதல் 9 வரையுள்ளவர்களுக்கு வரும் தேன்சிட்டு இதழையும் ஆசிரியர் அறை மேசையில் தேங்க விடாதீர்கள்.

கதைச்சுருக்கத்தை நிறுத்துங்கள். பரிசையும் நிறுத்துங்கள். 11 புத்தகக் கணக்குக் காட்டிய பையன் பொய் சொல்லவில்லை, நீங்கள் கேட்டதைக் கொடுத்தான்: எண்ணிக்கை கேட்டீர்கள், எண்ணிக்கை வந்தது. அதற்குப் பதில் பின்னட்டையின் உள்பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாள் ஒட்டுங்கள். யாருக்குப் பிடிக்கும் என்று படித்தவர் ஒரு வரி எழுதலாம், விருப்பம் இருந்தால். “நாய் பிடிக்கும்னா படி”, “முடிவு சப்பை” என்றெல்லாம் வரும். எழுத்துப் பிழையைத் திருத்தாதீர்கள். அடுத்த பிள்ளை புத்தகத்தைத் திறந்ததும் முதலில் போவது அந்தத் தாளுக்குத்தான்.

மாதக் கடைசியில் அட்டைகளை நீங்கள் மட்டும் பாருங்கள். எடுத்த மறுநாளே திருப்புகிறவர்கள் யார், எடுக்கவே இல்லாதவர்கள் யார் என்று தெரிந்துவிடும். அவர்களிடம் ஏன் படிக்கவில்லை என்று கேட்காதீர்கள். வீட்டில் டிவியில், போனில் என்ன பார்க்கிறார்கள் என்று கேட்டு, அதற்குப் பக்கத்தில் வரும் மூன்று புத்தகத்தை நீட்டி ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள். ஒன்றை நீட்டினால் அது வீட்டுப்பாடம். மூன்றை நீட்டினால் இரண்டை வேண்டாம் என்று சொல்லும் உரிமை கிடைக்கிறது.

மானியம் பற்றி. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் பள்ளியின் நிலையைப் பொறுத்து 5,000 முதல் 20,000 ரூபாய் வரை நூலக மானியம் உண்டு. 10,000 கையில் வந்தால், விற்பனையாளர் கட்டிக் கொண்டுவரும் ‘செட்’டை மட்டும் வாங்காதீர்கள், பத்து நல்லதைக் காட்டி தொண்ணூறைத் தள்ளிவிடும் ஏற்பாடு அது. மாவட்டப் புத்தகத் திருவிழாவுக்கு ஐந்து பிள்ளைகளை அழைத்துப் போங்கள், நன்றாகப் படிக்காத இருவர் அதில் கட்டாயம் இருக்கட்டும். தொகையில் பாதிக்கு அவர்கள் எடுக்கட்டும், பாதிக்கு நீங்கள். நேஷனல் புக் டிரஸ்ட், தூலிகா, பாரதி புத்தகாலயத்தின் சிறுவர் வெளியீடுகள் ஆகியவற்றில் மெல்லிய புத்தகங்கள் நிறையக் கிடைக்கும். பிடித்துப்போன தலைப்பில் மூன்று பிரதி வாங்குங்கள். இந்த வயதில் சிநேகிதர் படிப்பதைத்தான் படிப்பார்கள். பணமே வராத ஆண்டில் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாக இறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம், உரிமச் சிக்கல் இல்லை. கறுப்பு வெள்ளை அச்சில் படங்கள் கொஞ்சம் மங்கும், பரவாயில்லை.

பெற்றோருக்கு நீளமாக விளக்க வேண்டாம். கணக்குத் தாளிலும் கேள்வியைப் படித்துப் புரிந்துகொண்டால்தான் விடை எழுத முடியும் என்று மட்டும் சொல்லுங்கள். பத்தாம் வகுப்பை அதிகம் நெருக்காதீர்கள். அவர்களுக்கு நாளிதழும் ஒரே மூச்சில் முடியும் சிறுகதைகளும் போதும், பெட்டி மட்டும் வகுப்பில் இருக்கட்டும்.

கடைசியாக, கோடை விடுமுறை. படிக்க நேரம் நிறைய இருக்கும் அந்த நாட்களில்தான் நம் பீரோக்கள் பூட்டிக் கிடக்கின்றன. ஏப்ரலில் கடைசித் தேர்வு முடிகிற அன்று 6 முதல் 9 வரை ஆளுக்கு ஒன்றோ இரண்டோ புத்தகம் கொடுத்தனுப்புங்கள். பக்கத்துக் கிளை நூலகத்தின் உறுப்பினர் படிவங்களை முந்தின வாரமே வாங்கி வைத்து, விருப்பமுள்ளவர்களிடம் பெற்றோர் கையெழுத்தோடு நிரப்பி வாங்கி நூலகரிடம் மொத்தமாகக் கொடுத்துவிடுங்கள். பத்தாம் வகுப்பிடம் இருக்கும் புத்தகங்களை மட்டும் பொதுத் தேர்வுக்கு முன்பே வசூலித்துவிடுங்கள். மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் போனவரைத் தேடிப் பிடிக்க முடியாது.