அமெரிக்க செனட்டில் உயர் அதிகாரி சத்தியப்பிரமாணம் எடுத்துச் சாட்சி சொல்வது ஏன் கட்சிச் சண்டையாகிறது?

கேள்வியைக் கேட்டவர் இப்படி விளக்கியிருக்கிறார்: அட்டர்னி ஜெனரல் (நீதித்துறையின் தலைவர்) போன்ற பெரிய பதவியில் இருப்பவர், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் குழு முன் வரும்போது, சத்தியம் செய்துவிட்டுத்தான் பேச வேண்டும் என்று ஒரு கட்சி பிடிவாதம் பிடிக்கிறது, தேவையில்லை என்று இன்னொரு கட்சி தடுக்கிறது. எடுத்தால் என்ன, எடுக்காவிட்டால் என்ன?

சட்டப்படி பெரிய வித்தியாசம் கிடையாது. சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னால் பொய்சாட்சியக் குற்றம், அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. சத்தியமே செய்யாமல், காங்கிரஸ் விசாரணையில் முக்கியமான ஒரு விஷயத்தில் தெரிந்தே பொய் சொன்னாலும், அமெரிக்கச் சட்டத் தொகுப்பு 18-ஆம் தலைப்பின் 1001-ஆம் பிரிவின்படி அதே 5 ஆண்டு வரை போகலாம். 1995-இல் வந்த ஓர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அந்தப் பிரிவை நிர்வாகத் துறையோடு நிறுத்திவிட்டது. மறு வருடமே காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தித் தன் விசாரணைகளையும் அதற்குள் கொண்டுவந்தது. ஆக, 1996-க்குப் பிறகு கையை உயர்த்திச் சத்தியம் செய்தாலும் செய்யாவிட்டாலும் பொய்க்குத் தண்டனை ஏறக்குறைய ஒன்றுதான்.

அப்படியானால் சண்டை எதற்கு? அந்தப் படத்துக்காக. நாட்டின் தலைமைச் சட்ட அதிகாரி எழுந்து நின்று வலது கையை உயர்த்தும் படம் மறுநாள் எல்லாப் பத்திரிகைகளிலும் வரும். இவர் சொல்வதை வெறும் வாய்வார்த்தையாக ஏற்க முடியாது என்று குழு நினைக்கிறது என அந்தப் படம் சொல்லிவிடும். எதிர்க்கட்சிக்கு அது வேண்டும், ஆளும் கட்சிக்கு வேண்டாம்.

இதைப் புரிந்துகொள்ள 2006 பிப்ரவரி 6 செனட் நீதிக் குழு விசாரணையை விடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியாது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, அமெரிக்காவில் இருப்பவர்களின் வெளிநாட்டுத் தொலைபேசி அழைப்புகளையும் மின்னஞ்சல்களையும் தேசியப் பாதுகாப்பு முகமை நீதிமன்ற வாரண்ட் இல்லாமல் ஒட்டுக்கேட்டு வந்தது. இப்படிக் கேட்பதற்குத் தனி நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும் என்று 1978-இலேயே சட்டம் இருக்கிறது. 2005 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் விஷயத்தை வெளியிட்டது. அதை விளக்கத்தான் அட்டர்னி ஜெனரல் அல்பெர்டோ கோன்சாலஸ் வந்து உட்கார்ந்தார்.

குழுத் தலைவர் ஆர்லன் ஸ்பெக்டர், குடியரசுக் கட்சிக்காரர். சத்தியப்பிரமாணம் தேவையில்லை என்று தீர்ப்புச் சொன்னார். ஜனநாயகக் கட்சியின் ரஸ் ஃபைன்கோல்ட் விடவில்லை, வாக்கெடுப்புக் கேட்டார். பெயர் பெயராகக் கூப்பிட்டு வாக்கெடுத்தார்கள். வராத குடியரசுக் கட்சி உறுப்பினர்களின் பதிலி வாக்குகளும் எண்ணப்பட்டபோது, அந்தப் பதிலிக் கடிதங்களைக் காட்டுங்கள் என்று ஃபைன்கோல்ட் கேட்கிற அளவுக்குப் போனது. முடிவு 10-க்கு 8, அச்சுப் பிசகாமல் கட்சிக் கோட்டில். நாட்டு மக்களின் அழைப்புகளை அரசு ஒட்டுக்கேட்டதைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கப்படும் முன்பே இத்தனையும் நடந்து முடிந்தது. இதில் கோன்சாலஸுக்கே ஆட்சேபம் இல்லை. சத்தியம் செய்தாலும் செய்யாவிட்டாலும் என் பதில் ஒன்றுதான் என்றார். அவர் ஒப்புக்கொண்ட ஒன்றை அவர் கட்சி தடுத்தது.

ஃபைன்கோல்ட் வீம்புக்குச் செய்தார் என்று நான் நினைக்கவில்லை. 2005 ஜனவரியில், கோன்சாலஸின் நியமன விசாரணையில் இதே குழுவில், வாரண்ட் இல்லாமல் ஒட்டுக்கேட்க அதிபருக்கு அதிகாரம் உண்டா என்று அவர் கேட்டிருந்தார். அது வெறும் கற்பனைக் கேள்வி என்ற பாணியில் கோன்சாலஸ் பதில் சொன்னார். அந்த நேரத்தில் திட்டம் நடந்துகொண்டிருந்தது. வெள்ளை மாளிகையின் சட்ட ஆலோசகராக இருந்த அவருக்கு அது தெரியும். அன்றைக்கு அவர் சத்தியம் செய்துவிட்டுத்தான் பேசினார். சத்தியம் இருந்தும் ஒரு முறை ஏமாந்தவர், ஓராண்டு கழித்து அதே சத்தியத்துக்காகப் போராடினார் என்பதை நான் அடிக்கடி யோசித்துப் பார்ப்பதுண்டு.

சரி, 2006-இல் கோன்சாலஸ் என்ன சொன்னார்? இந்தத் திட்டத்துக்கு நீதித்துறைக்குள்ளேயே எதிர்ப்பு இருந்ததா என்ற கேள்விக்கு, அதிபர் உறுதிப்படுத்தியிருக்கும் திட்டத்தைப் பொறுத்தவரை பெரிய கருத்து வேறுபாடு இல்லை என்கிற பொருளில் பதில் சொன்னார். அந்த ‘அதிபர் உறுதிப்படுத்தியிருக்கும்’ என்ற அடைமொழிக்குள்தான் எல்லாம் ஒளிந்திருந்தது. அதிபர் புஷ் வெளியில் ஒப்புக்கொண்டது திட்டத்தின் ஒரு பகுதியை மட்டும்.

உண்மை வெளியே வந்தது 2007 மே 15-ஆம் தேதி, அதே செனட் நீதிக் குழு முன். முன்னாள் துணை அட்டர்னி ஜெனரல் ஜேம்ஸ் கோமி, 2004 மார்ச் 10 இரவு நடந்ததைச் சொன்னார். அப்போதைய அட்டர்னி ஜெனரல் ஜான் ஆஷ்கிராஃப்ட், கணைய அழற்சியோடு ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழக மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கிறார். பொறுப்பு கோமியிடம். திட்டம் தொடர நீதித்துறை கையெழுத்துப் போட வேண்டும், கோமி மறுத்துவிட்டார். அன்றிரவு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவருக்கு, வெள்ளை மாளிகையிலிருந்து இருவர் மருத்துவமனைக்கு வருகிறார்கள் என்று தகவல் வருகிறது. காரைத் திருப்பச் சொல்லி, சைரன் போட்டுக்கொண்டு போய், மருத்துவமனை மாடிப்படிகளில் ஓடி ஏறுகிறார். எஃப்பிஐ இயக்குநர் ராபர்ட் முல்லரையும் வரச் சொல்கிறார். கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த சில நிமிடங்களில் கதவு திறக்கிறது. கையில் ஓர் உறையோடு கோன்சாலஸ், கூடவே அதிபரின் தலைமைப் பணியாளர் ஆண்ட்ரூ கார்ட். நோயாளி தலையணையிலிருந்து தலையைத் தூக்கி, தன் ஆட்சேபங்களைத் தெளிவாகச் சொல்லிவிட்டு, நான் இப்போது அட்டர்னி ஜெனரல் இல்லை, இதோ இவர்தான் என்று கோமியைக் காட்டினார். வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். கோமி, முல்லர் உள்ளிட்டோர் பதவி விலகத் தயாரான பிறகுதான் புஷ் இறங்கிவந்தார்.

இப்படி ஓர் இரவு நடந்திருக்கும்போது, பெரிய கருத்து வேறுபாடு இல்லை என்ற பதிலுக்கு என்ன அர்த்தம்? 2007 ஜூலை 24 அன்று கோன்சாலஸ் மறுபடி குழு முன் வந்தார். அதற்குள் செனட் ஜனநாயகக் கட்சியின் கைக்கு வந்திருந்தது. தலைவர் பேட்ரிக் லீஹி சத்தியம் வாங்கித்தான் உட்கார வைத்தார். அந்த இரவுத் தகராறு ‘வேறு உளவுச் செயல்பாடுகள்’ பற்றியது என்றார் கோன்சாலஸ். இரண்டே நாளில் பிரதிநிதிகள் சபைக் குழு முன் வந்த முல்லர், பேச்சு அந்த ஒட்டுக்கேட்புத் திட்டத்தைப் பற்றியதுதான் என்று சொன்னார். அதே நாள் சார்ல்ஸ் ஷூமர், ஃபைன்கோல்ட் உள்ளிட்ட 4 ஜனநாயகக் கட்சி செனட்டர்கள், பொய்சாட்சியம் பற்றி விசாரிக்கத் தனி வழக்கறிஞர் வேண்டும் என்று கேட்டார்கள். ஆகஸ்ட் 27 அன்று கோன்சாலஸ் விலகலை அறிவித்தார். 2009 ஜூலையில் வந்த தலைமைத் தணிக்கை ஆய்வாளர்களின் அறிக்கை, அவர் சாட்சியம் குழப்பமானது, துல்லியமற்றது, விவரம் தெரியாதவர்களைத் தவறான எண்ணத்துக்குக் கொண்டுபோனது என்றது. ஆனால் ஏமாற்றும் நோக்கம் இருந்தது என்ற முடிவுக்கு அது வரவில்லை. வழக்கும் இல்லை.

என் கருத்து இதிலிருந்துதான் வருகிறது. சத்தியம் இல்லாத 2006 பதிலும் சத்தியத்தோடு வந்த 2007 பதிலும் ஒரே மாதிரிதான் நழுவின. வார்த்தையை அளந்து பேசும் வக்கீலைச் சத்தியம் எதுவும் செய்யாது. 2007 ஏப்ரலில், அரசு வழக்கறிஞர்கள் நீக்கப்பட்ட விவகாரத்தில் சத்தியம் செய்துவிட்டுப் பேசிய கோன்சாலஸ், நினைவில்லை என்ற பதிலை 60 தடவைக்கு மேல் சொன்னதாகப் பத்திரிகையாளர்கள் எண்ணி எழுதினார்கள். அவரை மாட்டவைத்தது இன்னொரு சாட்சி. அதுவும் அதே அரசில், அதே அறையில் இருந்த, எதிர்க்கட்சி ஆள் என்று ஒதுக்கிவிட முடியாத சாட்சி. கோமியும் முல்லரும் புஷ் நியமித்தவர்கள்.

இப்போது கட்சிகளைப் பற்றி. 2004 மார்ச்சில், தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் காண்டலீசா ரைஸ், செப்டம்பர் 11 தாக்குதலை விசாரித்த ஆணையத்தின் முன் வெளிப்படையாக, சத்தியத்தோடு சாட்சி சொல்லத் தேவையில்லை என்று வெள்ளை மாளிகை மறுத்துக்கொண்டிருந்தது. அதே வாரம், அரசைக் குற்றம் சாட்டிய முன்னாள் பயங்கரவாதத் தடுப்பு அதிகாரி ரிச்சர்ட் கிளார்க், 2002-இல் சத்தியம் செய்துவிட்டு வேறு மாதிரி பேசினார் என்று குடியரசுக் கட்சியின் செனட் தலைவர் பில் ஃப்ரிஸ்ட் அவையில் பேசினார். முரண்பாடு இருப்பது தனக்கு நேரடியாகத் தெரியாது என்று பிறகு நிருபர்களிடம் அவரே சொன்னார். தங்கள் ஆளுக்குச் சத்தியம் அவமானம், எதிர்த்துப் பேசியவருக்கு அதே சத்தியம் சுருக்குக் கயிறு. எதிர்ப்பு அதிகமாகி, ஏப்ரல் 8 அன்று ரைஸ் கையை உயர்த்திச் சாட்சி சொன்னார். ஆட்சி ஒன்றும் கவிழவில்லை.

ஜனநாயகக் கட்சியும் இதற்கு விலக்கல்ல. 1999 பிப்ரவரியில், அந்தக் கட்சியைச் சேர்ந்த அப்போதைய அதிபர் பில் கிளின்டனைப் பதவி நீக்கும் விசாரணையில், அவர் மீதான பொய்சாட்சியக் குற்றச்சாட்டு செனட்டில் வாக்கெடுப்புக்கு வந்தபோது, அந்தக் கட்சியில் ஒருவர்கூடக் குற்றவாளி என்று சொல்லவில்லை. அன்று விடுதலைக்கு வாக்களித்த ஷூமர்தான் 2007-இல் பொய்சாட்சிய விசாரணை கேட்டார். மறுபக்கம் குடியரசுக் கட்சியின் ஜெஃப் செஷன்ஸ். 1999-இல் பொய்சாட்சியத்துக்காகக் கிளின்டனைப் பதவி நீக்க வேண்டும் என்று வாக்களித்தார். 2006-இல் கோன்சாலஸுக்குச் சத்தியம் வேண்டாம் என்ற 10 பேரில் அவரும் ஒருவர். 2017 ஜனவரியில் அவரே அட்டர்னி ஜெனரல் நியமனத்துக்காக அதே குழு முன் சத்தியம் செய்து, ரஷ்யர்களோடு தனக்குத் தொடர்பு இருந்ததில்லை என்றார். ரஷ்யத் தூதரை அவர் இரண்டு முறை சந்தித்தது மார்ச் மாதம் வெளிவந்தது, 2016 தேர்தலில் ரஷ்யத் தலையீடு பற்றிய விசாரணையிலிருந்து அவர் ஒதுங்க வேண்டியதாயிற்று. வேண்டுமென்றே பொய் சொன்னார் என்று நிரூபிக்க ஆதாரம் போதாது என்று அந்த விசாரணையைப் பின்னர் நடத்திய அதே ராபர்ட் முல்லரின் அறிக்கை 2019-இல் சொன்னது.

எல்லாரும் இப்படித்தான் என்று கையை விரிக்கவும் எனக்கு மனம் இல்லை. 1999-இல் கிளின்டன் வழக்கைத் தள்ளுபடி செய்யும் தீர்மானத்தை எதிர்த்த ஒரே ஜனநாயகக் கட்சிக்காரர் ஃபைன்கோல்ட். அதனால்தான் 2006-இல் அவர் கேட்டதை வெறும் கட்சி ஆட்டம் என்று என்னால் தள்ள முடியவில்லை. ஸ்பெக்டரும் 1999-இல் தன் கட்சியோடு போகாமல், ஸ்காட்லாந்து சட்ட மரபைக் காட்டி ‘நிரூபிக்கப்படவில்லை’ என்று வாக்களித்தவர். அப்படிப்பட்டவர் 2006-இல் இந்தச் சின்ன விஷயத்தில் விட்டுக்கொடுத்திருக்கலாம். இன்றும் எனக்கு அவர்மேல் உள்ள வருத்தம் அது.

இதற்கு வழி இருக்கிறது, கஷ்டமானதும் இல்லை. பிரதிநிதிகள் சபையின் மேற்பார்வைக் குழுவில், யார் வந்தாலும் சத்தியம் வாங்குவது வழக்கம். அமைச்சர், கம்பெனி முதலாளி, பாதிக்கப்பட்ட சாதாரண ஆள், எல்லாரும் எழுந்து நிற்பார்கள், தலைவர் வாசகத்தைச் சொல்வார், ஆமாம் என்பார்கள், உட்காருவார்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது, யாரும் அவமானப்பட்டதாக நினைப்பதில்லை, மறுநாள் அந்தப் படத்தை யாரும் தேடுவதும் இல்லை. செனட் நீதிக் குழு அதை விதியாக எழுதி வைத்திருந்தால், 2006-இல் பதிலிக் கடிதங்களைப் பற்றிச் சண்டை போட்ட நேரத்தில், ‘நீங்கள் சொல்லும் அந்தத் திட்டத்துக்கு வெளியே இன்னும் என்ன நடக்கிறது?’ என்று கோன்சாலஸிடம் கேட்டிருக்கலாம்.