மக்தா வாஷாரியோவா எதுக்கு நடிப்பை விட்டாங்க? – கடிதமும் பதிலும்

வணக்கம் அக்கா,

போன மாசம் ஃப்ரெண்ட் ஒருத்தர் வீட்ல மார்கெட்டா லஸரோவா படம் பாத்தேன். ரெண்டே முக்கால் மணி நேரம், கதை பாதி பிடிபடவே இல்ல, ஆனா அந்தப் பொண்ணு முகம் இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. யாருன்னு தேடிப் பாத்தா மக்தா வாஷாரியோவா, ஸ்லோவாக்கியா நடிகைன்னு வந்துச்சு. 1989க்கு அப்புறம் நடிப்பை விட்டுட்டு தூதரா போயிட்டாங்களாம், 1999ல ஜனாதிபதி தேர்தல்ல நின்னு 6.6 சதவீதம் ஓட்டுதான் வாங்கினாங்களாம். படிச்சதும் ரொம்ப வருத்தமா இருந்துச்சு. இவ்ளோ பெரிய நடிகை 41 வயசுல எல்லாத்தையும் விட்டுட்டு எதுக்குக்கா அங்க போகணும்? அங்கயும் நிக்காம இங்கயும் நிக்காம வீணாப் போயிட்டாங்களோன்னு தோணுது. இவங்களப் பத்தி எழுதுங்க. அடுத்து எந்தப் படம் பாக்கலாம்னும் சொல்லுங்க.

ஒரு வாசகன், திருச்சி

•

அன்புள்ள தம்பிக்கு,

வீணாப் போகலப்பா. அதை மொதல்ல சொல்லிடுறேன், மத்ததை அப்புறம் பேசலாம்.

உங்களுக்கு ஒரு விஷயம் தெரியுமான்னு தெரியல. நீங்க பாத்த படத்துல அந்த முகம் மக்தாவோடது, ஆனா குரல் அவங்களோடது இல்ல. காப்ரியேலா வ்ரானோவான்னு ஒரு செக் நடிகை டப்பிங் குடுத்தது. மக்தா ஸ்லோவாக் பேசுற பொண்ணு, படம் செக் மொழிப் படம், அப்ப ரெண்டு பகுதியும் செக்கோஸ்லோவாக்கியாங்கிற ஒரே நாடு. இது ஏதோ சின்னத் தகவல்னு தோணும், ஆனா அவங்க வாழ்க்கைய முழுசாப் பாக்கறப்போ எனக்கு எல்லாமே இங்கதான் வந்து நிக்குது, அதனாலதான் இதுலருந்து ஆரம்பிக்கிறேன்.

பிறந்தது 1948 ஆகஸ்ட்ல, பான்ஸ்கா ஷ்டியாவ்னிட்சாங்கிற ஊர்ல. மலைக்கு நடுவுல பழைய வெள்ளிச் சுரங்க ஊர், 1762லயே அங்க சுரங்கக் கல்விக்குன்னு ஒரு அகாடமி தொடங்கியிருக்காங்க, இப்ப யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கு. நடிப்புக் கல்லூரியில படிக்கல அவங்க. ஸ்லோவாக்கியத் தலைநகர் பிராட்டிஸ்லாவால கொமேனியஸ் யுனிவர்சிட்டியில சமூகவியல் படிச்சாங்க, 1971ல முடிச்சாங்க. கவனிங்க, மார்கெட்டா லஸரோவா வெளிவந்தது 1967. அதாவது அந்த நாட்டோட மிகப் பெரிய படத்துல கதாநாயகியா நடிச்சுட்டு அதுக்கப்புறம் நாலு வருஷம் கழிச்சு சமூகவியல் டிகிரி வாங்கியிருக்காங்க. ஒரு சமூகம் எப்படி இயங்குதுங்கிற கேள்வி நடுவுல எங்கயோ வந்து ஒட்டிக்கிட்டது இல்ல, சின்ன வயசுலருந்தே கூட இருந்துருக்கு. நடிப்பை விட்டுட்டு வேற எங்கயோ போனாங்கன்னு எழுதுற எல்லாரும் இதைத் தாண்டிப் போயிடறாங்க.

அந்தப் படம் பத்திக் கொஞ்சம் சொல்லாம இருக்க முடியல. டைரக்டர் ஃப்ரான்டிஷெக் விளாச்சில், விளாதிஸ்லாவ் வான்சுரா 1931ல எழுதின நாவல்லருந்து எடுத்தது, கதை நடக்குறது பதிமூணாம் நூற்றாண்டுல, இப்ப செக் நாட்டுல இருக்கற பொஹீமியால. ரெண்டு கொள்ளைக் கூட்டத்துக் குடும்பம், நடுவுல கன்னிமடத்துக்குன்னு நேர்ந்துவிட்ட ஒரு பொண்ணு. விளாச்சில் ஷுமாவா காட்டுக்குள்ள நடிகருங்களையும் யூனிட்டையும் கூட்டிட்டுப் போய் பனியிலயும் சேத்துலயும் மாசக்கணக்கா வச்சு எடுத்தாரு, உடை கருவி எல்லாம் அந்தக் காலத்து முறையிலயே செய்ய வச்சாருன்னு சொல்வாங்க. 1998ல செக் விமர்சகர்கள் நடத்தின வாக்கெடுப்புல எக்காலத்துக்குமான சிறந்த செக் படம்னு இதுக்குத்தான் ஓட்டுப் போட்டாங்க. இதுல நடிக்கறப்போ மக்தாவுக்கு பதினெட்டு வயசு இருந்தாலே அதிகம். அந்தப் பாத்திரத்துக்கு வசனமும் கம்மிதான், அவளை கடத்துறாங்க, சிதைக்கிறாங்க, அப்பன்காரன் கைவிடுறான், எல்லாத்தையும் அந்த முகம் ஒண்ணு வச்சே தாங்கிக்கணும். அதனாலதான் கதை புரியாட்டியும் முகம் உங்க மனசுல நின்னுருக்கு.

1968 ஆகஸ்ட்ல, கம்யூனிஸ்ட் ஆட்சியில நடந்த சீர்திருத்தத்தை நசுக்க சோவியத் டாங்கிகள் நாட்டுக்குள்ள வந்துச்சு. அதையடுத்து யுராய் யாகுபிஸ்கோ எடுத்த பறவைகள், அனாதைகள், பைத்தியங்கள் படத்துல மார்த்தாங்கிற யூதப் பொண்ணா நடிச்சாங்க. ரெண்டு ஆம்பளைங்க ஒரு பொண்ணு, மூணு பேருமே பெத்தவங்க இல்லாதவங்க, உலகம் பைத்தியமாயிட்டதால நாமளும் பைத்தியமா நடிச்சாத்தான் உயிர் பிழைக்க முடியும்னு வாழ்றாங்க. ஃபிரான்ஸோட சேந்து எடுத்த படம். தடை பண்ணிட்டாங்க, அந்த நாட்டு மக்கள் தியேட்டர்ல பாக்கறதுக்கு ஆட்சியே மாற வேண்டியிருந்துச்சு. இருபது வருஷம் தம்பி. ஒரு நடிகையோட இருபத்தோரு வயசு முகம் அலமாரியில பூட்டிக் கெடந்துச்சு, திறக்கறப்போ அவங்களுக்கு நாப்பது தாண்டிருச்சு. இதை யோசிக்கறப்போல்லாம் எனக்கு ஆத்திரமா வரும்.

அடுத்தது நான் ரொம்ப நேசிக்கிற படம். பீட்டர் வைகல்னு ஒரு டைரக்டர், செக் இசையமைப்பாளர் த்வோர்ஷாக்கோட ருசால்காங்கிற ஓபராவ, அதாவது முழுக்கப் பாட்டாவே நடக்கற நாடகத்த, எழுபதுகள்ல டிவிக்காகப் படமாக்கினார். ருசால்கா ஒரு நீர்மகள், ஒரு இளவரசன் மேல ஆசைப்பட்டு மனுஷியாகணும்னு சூனியக்காரிகிட்ட போறா, அதுக்கு அவ குடுக்கற விலை அவளோட குரல். மனுஷங்க முன்னாடி அவளால ஒரு வார்த்தை பேச முடியாது. அந்த வேஷம் மக்தாவுக்கு, பாடினது ஓபரா பாடகி காப்ரியேலா பென்யாச்கோவா. திரும்பவும் முகம் இவங்களது, குரல் வேறொருத்தரோடது, அதுவும் குரலையே பறிகுடுக்கற பொண்ணோட கதையில. இளவரசனா நடிச்சது யாருன்னா மிலான் க்னாஷ்கோ. இந்தப் பேரை ஞாபகம் வச்சுக்கோங்க, கீழ திரும்ப வரும்.

கரெல் ஸெமானோட வால்நட்சத்திரப் படம் 1970ல, அது சின்னப் பசங்களோட உக்காந்து பாக்கலாம். 1980ல யிர்ஷி மென்ஸல் எடுத்த போஸ்த்ரிஷினி, போஹுமில் ஹ்ரபால் தன் அம்மாவப் பத்தி எழுதின கதை. பீர் ஆலை மேனேஜரோட பொண்டாட்டி மரிஷ்கா, இடுப்புக்குக் கீழ தொங்குற பொன்னிற முடி, சைக்கிள் ஓட்டுவா, பன்னி அறுத்தா கை நிறைய எடுத்துத் திம்பா, புருஷனோட அண்ணனைக் கூட்டிக்கிட்டு ஆலை புகைபோக்கி உச்சியில ஏறி உக்காந்துக்குவா. செக் ஜனங்களுக்கு மக்தான்னா இன்னிக்கும் அந்த மரிஷ்காதான். அது எடுத்த தலேஷிட்ஸே ஆலை இப்பவும் இருக்கு, திரும்ப பீர் காய்ச்சுறாங்க, ஆளுங்க தேடிப் போய்ப் பாக்குறாங்க. அந்த சமயத்துலதான் ஹாலிவுட்ல சோஃபியின் தேர்வு படத்துக்கு இவங்க பேரும் பரிசீலனையில இருந்துச்சு, கடைசியில மெரில் ஸ்ட்ரீப் நடிச்சு ஆஸ்கர் வாங்கினாங்க. இதைப் பெரிய சோகக்கதையா எழுதுறவங்க உண்டு, எனக்கு அதுல அவ்வளவு ஆர்வம் இல்ல. ஸ்ட்ரீப் அதுல அற்புதமாப் பண்ணியிருக்காங்க.

நான் சொல்ல வர்ற படம் வேற. 1985, துஷான் ஹனாக், மௌனமான மகிழ்ச்சின்னு தலைப்பைச் சொல்லலாம். ஹனாக் யாருன்னா, 1972ல வயசானவங்களப் பத்தி ஒரு டாக்குமெண்டரி எடுத்து அது தடை, 1980ல எடுத்த கதைப்படமும் தடை, அது பல வருஷம் கழிச்சு 1989ல பெர்லின் திரைப்பட விழாவில வெள்ளிக் கரடி விருது வாங்குச்சு. அப்படி ரெண்டு தரம் அடிபட்டவர் எடுத்த படத்துல மக்தா சோன்யாங்கிற நர்ஸ். கல்யாண வாழ்க்கை உள்ளுக்குள்ள காஞ்சு போச்சு, பெரிய சண்டையும் இல்ல, அடிதடியும் இல்ல, ஒரு நாள் இது போதும்னு முடிவு பண்ணித் தனியா வாழப் பாக்குறா. அவ்ளோதான் கதை. இதுல அந்தப் பழைய அழகைக் காட்டணும்கிற எண்ணமே இல்லாம, டியூட்டி முடிஞ்சு களைச்சு வர்ற ஒரு சாதாரணப் பொண்ணா இருக்காங்க. அவங்க போனது சினிமாவுக்கு இழப்பான்னு கேட்டா, இதைப் பாத்தப்புறம் ஆமான்னுதான் நானும் சொல்வேன். இந்த நடிகை அடுத்த இருபது வருஷம் நடிச்சிருந்தா என்னெல்லாம் கெடைச்சிருக்கும்னு ஏக்கமா இருக்கு. ஆனா இழப்பு நமக்குத் தம்பி, அவங்களுக்கு இல்ல.

இப்ப 1989. நவம்பர் 16 பிராட்டிஸ்லாவால மாணவர்கள் ஊர்வலம் போனாங்க, மறுநாள் நாட்டுத் தலைநகர் ப்ராக்ல மாணவர்களைப் போலீஸ் அடிச்சுது. அதுக்கு அடுத்த நாளே ப்ராக்ல நாடகக்காரங்க ஸ்ட்ரைக்னு சொல்லிட்டாங்க, அது நாடு முழுக்கப் பரவுச்சு. இது எப்படி நடந்துச்சுன்னு கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. டிக்கெட் வாங்கின ஜனங்க சாயங்காலம் வந்து உக்கார்றாங்க, திரை தூக்கினா நாடகம் இல்ல, நடிகருங்க சொந்தத் துணியில மேடையில நின்னு இன்னிக்கு நடிக்கல, பேசப் போறோம்னு சொல்றாங்க, மாணவர்களோட அறிக்கைய படிக்கறாங்க, அரங்கத்துல இருக்கறவங்க எழுந்து பதில் பேசறாங்க. டிவியும் பத்திரிகையும் கம்யூனிஸ்ட் கட்சி கையில இருந்த நாட்டுல உண்மை எங்க கேட்டுச்சுன்னா நாடக அரங்குலதான். 19ஆம் தேதி பிராட்டிஸ்லாவால கலைஞர்கள் கூடி வன்முறைக்கு எதிரான பொதுமக்கள்னு ஒரு இயக்கம் தொடங்கினாங்க. தினமும் சாயங்காலம் சதுக்கத்துல லட்சக்கணக்கில கூடின ஜனங்க முன்னாடி மைக் புடிச்சு நின்னவங்க ரெண்டு பேர், சுற்றுச்சூழல் ஆர்வலர் யான் புதாய், இன்னொருத்தர் மேல சொன்னேனே அந்த இளவரசன், மிலான் க்னாஷ்கோ. பின்னாடி அவர் ஸ்லோவாக்கியாவோட வெளியுறவு அமைச்சரே ஆனார். நாடகம் எழுதின வாஸ்லாவ் ஹாவெல் டிசம்பர் கடைசியில நாட்டோட ஜனாதிபதி ஆனார். நாற்பது வருஷமா எழுதிக் குடுத்ததையே பேசின அதிகாரிங்க மேல ஜனங்களுக்கு நம்பிக்கை செத்துப் போச்சு, தெரிஞ்ச முகம், நம்புற முகம்னு இருந்தது நாடகக்காரங்கதான்.

அந்த நேரத்துல மக்தா ஸ்லோவாக் தேசிய நாடக அரங்குல நடிகை. சமூகவியல் படிச்சவங்க. 1990ல செக்கோஸ்லோவாக்கியாவோட தூதரா ஆஸ்திரியாவுக்கு அனுப்பினாங்க. பிராட்டிஸ்லாவாலருந்து வியன்னா அறுபது கிலோமீட்டர் சொச்சம், ஆனா நடுவுல முள்வேலி, தாண்டப் பாத்து செத்தவங்க உண்டு. 1989 டிசம்பர் 10ஆம் தேதி ஒரு லட்சம் பேருக்கு மேல பிராட்டிஸ்லாவாலருந்து எல்லை தாண்டி ஆஸ்திரியாவோட ஹைன்புர்க் ஊருக்கு நடந்தே போனாங்க, வணக்கம் ஐரோப்பான்னு சொல்லிக்கிட்டு. அந்த நாட்டுக்குத்தான் மக்தா தூதர். யார் எழுதின வசனமும் இல்லாம, யார் டப்பிங்கும் இல்லாம, தன் நாட்டுக்காக அவங்களே பேசினாங்க. இதை எப்படித் தம்பி வீண்னு சொல்றது?

1993ல நாடு செக், ஸ்லோவாக்கியான்னு ரெண்டாப் பிரிஞ்சுது. அந்த வருஷம் வெளியுறவுக் கொள்கைக்கான ஸ்லோவாக் சங்கத்தைத் தொடங்கினாங்க. பிரதமர் விளாதிமிர் மெச்சியார் ஆட்சி நடந்த காலம் அது, அவர் ஆட்சி நடத்தின விதத்துனால 1997ல நேட்டோ ராணுவக் கூட்டணியில சேர வந்த அழைப்புல ஸ்லோவாக்கியாவ விட்டுட்டாங்க, செக், போலந்து, ஹங்கேரி மூணையும் கூப்பிட்டாங்க. 1998 மார்ச்லருந்து நாட்டுக்கு ஜனாதிபதியே இல்ல, நாடாளுமன்றத்துல யாரையும் தேர்ந்தெடுக்க முடியல. அதனால சட்டத்தை மாத்தி 1999 மே மாசம் மொத தடவையா ஜனங்களே நேரா ஓட்டுப் போட்ட தேர்தல். மக்தா கட்சி எதுவும் இல்லாம நின்னாங்க. ருடால்ஃப் ஷூஸ்டர் மொத இடம், மெச்சியார் ரெண்டாவது, இவங்க மூணாவது. ரெண்டு பெரிய மலைக்கு நடுவுல கட்சி இல்லாத ஒருத்தர் மூணாவது வர்றது சாதாரணம் இல்ல, 6.6ங்கிற நம்பரை மட்டும் பாத்தா அது தெரியாது. 2000லருந்து 2005 வரைக்கும் போலந்துல தூதர், அந்தக் காலத்துலதான், 2004ல, ஸ்லோவாக்கியா நேட்டோவுலயும் ஐரோப்பிய ஒன்றியத்துலயும் சேர்ந்துச்சு. 2006லருந்து பத்து வருஷம் நாடாளுமன்ற உறுப்பினர். பிராட்டிஸ்லாவா மேயருக்கு நின்னு தோத்தாங்க. ஷிவெனான்னு 1869ல ஆரம்பிச்ச பெண்கள் சங்கத்துக்குத் தலைவியா அதைத் திரும்பத் தூக்கி நிறுத்தினாங்க. 2019ல சூசானா சாபுட்டோவா அந்த நாட்டோட மொத பெண் ஜனாதிபதி ஆனப்போ எனக்கு மொதல்ல ஞாபகம் வந்தது இருபது வருஷம் முன்னாடி ஓட்டு கேட்ட மக்தாதான்.

நடிப்புலயே இருந்திருந்தா எப்படி இருந்திருக்கும்னு பாக்கணும்னா அவங்க அக்காவப் பாருங்க. எமீலியா வாஷாரியோவா, ஆறு வயசு மூத்தவங்க, 1963ல கான்ஸ் திரைப்பட விழாவில ஜூரி ஸ்பெஷல் பரிசு வாங்கின செக் படத்துல நடிச்சவங்க, மேடையை விடவே இல்ல, ஸ்லோவாக் நாடகத்தோட முதல் சீமாட்டின்னு அங்க சொல்வாங்க. அக்கா மேடையில இருந்தாங்க, தங்கச்சி தூதரகத்துக்குப் போனாங்க, ரெண்டுமே எனக்குப் பெருமையாத்தான் இருக்கு. மக்தாவோட கணவர் மிலான் லாசிட்சாவும் மேடைக்காரர்தான், கூட்டாளி யூலியஸ் சாட்டின்ஸ்கியோட சேந்து அவர் பண்ணின நையாண்டி பிடிக்காம எழுபதுகள் ஆரம்பத்துல சொந்த ஊர்ல மேடையேற விடல, செக் பகுதியில இருக்கற பிர்னோ ஊருக்குப் போய்ப் பொழச்சாங்க. 2021 ஜூலையில, 81 வயசுல, பிராட்டிஸ்லாவால தன் அரங்க மேடையில பாடிக்கிட்டு இருந்தவர் அங்கயே விழுந்து இறந்துட்டார்.

அடுத்து என்ன பாக்கலாம்னு கேட்டீங்க. மொதல்ல ஹனாக்கோட நர்ஸ் படம். அடுத்து யாகுபிஸ்கோ, ஆனா அது முடிவு ரொம்பக் கடினம், மனசு சரியில்லாத நாள்ல வேண்டாம். போஸ்த்ரிஷினி வீட்ல எல்லாரோடயும் உக்காந்து பாருங்க. ருசால்கா பாக்கறதுக்கு முன்னாடி ஓபரா கதைய ஒரு தடவை படிச்சுக்கோங்க, ரெண்டாவது அங்கத்துல அவ வாய் பேசாம நிக்கற கட்டம் வர்றப்போ சப்டைட்டிலை விட்டுட்டு மக்தாவோட முகத்தை மட்டும் பாருங்க. பாத்துட்டு எழுதுங்க.

அன்புடன்,
அக்கா