கோப்பாய் அக்காவுக்கு: தங்க அரிசியும் இரத்தச்சோகையும்

வணக்கம் அக்கா. மகளுக்கு இரத்தச்சோகை, தங்க அரிசி என்ற மரபணு மாற்றிய நெல்லின் விதைநெல் எங்கே எடுக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், தங்க அரிசியில் கூட்டியிருப்பது இரும்புச்சத்து இல்லை, விற்றமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டின். கிடைத்தாலும் உங்கள் பிரச்சினைக்கு அது மருந்தில்லை.

விற்றமின் ஏ வேண்டுமென்றால் செம்மஞ்சள் சதை வற்றாளை (சர்க்கரைவள்ளிக் கிழங்கு) இருக்கிறதே! இப்படிச் சத்துக் கூட்டிய பயிர்களுக்காக 2016இல் உலக உணவுப் பரிசே கொடுத்தார்கள். தோலைப் பார்த்து வாங்கி ஏமாறாதீர்கள், நானும் ஏமாந்தேன்: வெளியே நல்ல சிவப்பு, வெட்டினால் உள்ளே பால் வெள்ளை. கிழங்கை வெட்டிப் பார்த்த பிறகு கொடி கேளுங்கள். உங்கள் செம்மண்ணுக்கு நன்றாக வரும், மாரியில் தண்ணீர் நிற்காமல் மேட்டு வரம்பில் நடுங்கள். அவித்துத் தேங்காய்ச் சம்பலோடு கொடுங்கள், கொழுப்போடு சேர்ந்தால்தான் அந்தச் சத்து உடம்பில் சேரும். கொடி எங்கே கிடைக்கும் என்று விவசாயப் போதனாசிரியரைக் கேட்டுப் பாருங்கள்.

இரும்புச்சத்துக்கு இந்தியாவில் தனசக்தி என்ற கம்பு இருக்கிறது, ஆனால் நம் வீட்டில் யார் கம்பு சாப்பிடுகிறார்கள்? முருங்கையிலை வறையை இறக்கியதும் தேசிக்காய்ப் புளி விடுங்கள். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிக்கும் பழக்கத்தை நிறுத்துங்கள், அது இரும்பை உடம்பில் சேர விடாது. ஒரு மணித்தியாலமாவது போகட்டும். கிளினிக்கில் தந்த குளிசையை மட்டும் சாப்பாட்டை நம்பி விட்டுவிடாதீர்கள்.