வாசகர் கேள்வி – பதில்: குழந்தைகள் இல்லத்தில் ஊழியம்

கேள்வி: நானும் கணவரும் ஓய்வு பெற்றுவிட்டோம். சபை மூலமாக, தென்னாப்பிரிக்காவின் டர்பன் அருகே ஒரு குழந்தைகள் இல்லத்தில் ஆறு மாதம் தங்கி ஊழியம் செய்யப் போகிறோம். அங்கே ஒரு நாள் எப்படிப் போகும்? கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளத்தான் எனக்கு ஆசை.
– வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: சகோதரி, முதலில் காகித வேலையை முடியுங்கள். போலீஸ் சான்றிதழ் வேண்டும். குழந்தைகளோடு வேலை செய்யத் தகாதவர்கள் என்று பதிவானோர் பட்டியலில் உங்கள் பெயர் இல்லை என்பதையும் இல்லம் விசாரித்து உறுதி செய்துகொள்ளும். பதில் வர வாரக்கணக்காகும்; பெட்டி கட்டும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.

பொழுது விடியுமுன் வேலை தொடங்கிவிடும். மீலிமீல் (மக்காச்சோள மாவு) கஞ்சி, மதியத்துக்கு ரொட்டி, சீருடை, காணாமல் போன ஒற்றைக் காலுறை. பிள்ளைகள் பள்ளிக்குப் போனதும் துவைப்பு. இரவில் நனைந்த விரிப்புகளைத் தனியே பிரித்து, முதலில் பச்சைத் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் சோப்பில் போட வேண்டும். எடுத்த எடுப்பில் வெந்நீரில் போட்டால் வாடை துணியிலேயே தங்கிவிடும். டர்பன் கோடையின் ஈரக்காற்றில் துணி லேசில் காயாது, காலையிலேயே கொடியில் ஏற்றிவிடுங்கள். பிற்பகல் வீட்டுப்பாடம், குளியல், இரவுச் சாப்பாடு.

எச்.ஐ.வி. மருந்து சாப்பிடும் பிள்ளைகளும் இருப்பார்கள். அதை வேளை தவறாமல் கொடுத்து ஏட்டில் கையெழுத்திடுவது இல்லத்து ஊழியரின் பொறுப்பு. மருந்து சாப்பிட்ட பிள்ளை வாந்தி எடுத்தால் மணியைப் பார்த்து உடனே அந்த ஊழியரிடம் சொல்லுங்கள். மறுபடி கொடுப்பதா வேண்டாமா என்பது மருந்துக்கும் வாந்திக்கும் இடைப்பட்ட நேரத்தைப் பொறுத்தது. எந்தப் பிள்ளைக்கு என்ன மருந்து என்பது சபையில் ஜெப விண்ணப்பமாகக்கூட வெளியே வரக் கூடாது.

கைக்குழந்தை விஷயத்தில் உங்கள் ஆசை புரிகிறது. ஆனாலும் பால் புகட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது மூன்றையும் அங்கேயே இருக்கும் பராமரிப்புத் தாயிடம் விட்டுவிடுங்கள். ஏற்கெனவே ஒருத்தியைப் பிரிந்து வந்த பிள்ளை அது. ஆறு மாதம் உங்களிடம் ஒட்டிக்கொண்டு, பிறகு உங்களையும் பிரிந்தால் அடுத்து வருபவரிடம் ஒட்டவே தயங்கும். நீங்கள் பாட்டில் கழுவி நாப்பி மடித்துக் கொடுத்தால் அந்தத் தாய்க்குக் கை ஒழியும், பிள்ளையைத் தூக்குவாள். நீங்கள் செய்யக்கூடிய பெரிய ஊழியம் அதுதான்.

கேள்வி: புட்டிப்பால் கலக்கும்போதும், பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தாலும் எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: பால் பொடியில் கிருமி இருக்கலாம். அதனால் கொதித்த தண்ணீரை அரை மணி நேரத்துக்கு மேல் ஆறவிடாமல், 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் கலக்க வேண்டும். முதலில் தண்ணீர், பிறகு தலைதட்டிய கரண்டிக் கணக்கில் பொடி. ஒரு கரண்டிக்கு 25 மி.லி.யா 30 மி.லி.யா என்பது டப்பாவுக்கு டப்பா மாறும். நன்கொடையாகப் பல வகை டப்பாக்கள் வந்து சேரும் இல்லங்களில் தவறு நடப்பது இங்கேதான். பொடி கூடினால் மலச்சிக்கல், நீரிழப்பு. குறைந்தால் எடை ஏறாது. கலந்த பாலைக் குழாய்த் தண்ணீரில் பிடித்து ஆற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் குடிக்காததைக் கொட்டிவிடுங்கள்.

வயிற்றுப்போக்குக்கு, கொதித்து ஆறிய தண்ணீர் 1 லிட்டர், சர்க்கரை தலைதட்டி 8 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. உப்பு கூடினால் ஆபத்து, கண்ணளவு வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்துத் தொடருங்கள். வழக்கமான பாலை நிறுத்தாதீர்கள். கண் குழிவிழுந்தாலோ, குடிக்க மறுத்தாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ உடனே கிளினிக். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசு என்றால் எதற்கும் காத்திருக்க வேண்டாம்.

குழாய் நின்று டேங்கர் தண்ணீர் வந்தால், 25 லிட்டருக்கு வாசனை சேர்க்காத ஜிக் (பிளீச் திரவம்) ஒரு தேக்கரண்டி ஊற்றிக் கலக்கி, இரண்டு மணி நேரம் மூடி வையுங்கள். பாலுக்கு அதையும் கொதிக்க வைத்தே எடுக்க வேண்டும்.

கேள்வி: பிள்ளைகளோடு எடுத்த படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடலாமா?
– வாசகி, டோங்காட்

பதில்: கூடாது. நீதிமன்ற உத்தரவின் பேரில் இல்லத்துக்கு வந்த பிள்ளைகள் அவர்கள். வழக்கில் உள்ள பிள்ளையை அடையாளம் காட்டும் படத்தையோ தகவலையோ நீதிமன்ற அனுமதியின்றி வெளியிட 2005-ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம் தடை செய்கிறது. முகத்தை மறைத்தாலும் பள்ளிச் சீருடை காட்டிக் கொடுத்துவிடும்.

கேள்வி: கிறிஸ்துமஸுக்கு விளையாட்டுச் சாமான் வாங்கித் தரலாம் என்றிருக்கிறோம்.
– வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: டிசம்பரில் பொம்மை குவியும், ஜூலை 18 மண்டேலா தினத்தில், அவருடைய 67 ஆண்டு பொதுவாழ்வை நினைத்து 67 நிமிடம் சுவரில் பெயிண்ட் அடிக்கக் கூட்டம் வரும். ஜனவரியில் பள்ளி திறக்கும்போதுதான் கை வறண்டிருக்கும். இல்லத்தைக் கேட்டு, கால் அளவு வாங்கி, கறுப்புப் பள்ளிக் காலணியாகக் கொடுங்கள்.